பெரிய வாத்தியார் நாற்காலி

தோட்டத்துச் சாளை,
திருச்செங்கோடு தபால்,
16-6-1937

மாப்பிள்ளை சுப்பையன் அவர்களுக்குச் சென்னியப்பன் எழுதுவது.

சௌகரியமாக வந்து சேர்ந்துவிட்டோம். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததால் என் இருமல் யாருக்கும் தொந்தரவில்லாமல் வெளியே போயிற்று. உங்கள் அக்கா ராசம்மாள் சாளை வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டிருக்கிறாள். படுத்தபடியே மலை தெரிகிறது. திறந்த காற்று, ஆட்டுப்பால், முட்டை, அதிகம் பேசாமல் இருப்பது. டாக்டர் சொன்ன வைத்தியம் இவ்வளவுதான். பேசியே பிழைத்தவனுக்குக் கடைசி மருந்துதான் கசக்கிறது.

பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். நான் திரும்பும் வரை நீங்கள் ஆக்டிங் தலைமையாசிரியர். உங்கள் இடத்தில் செங்கோட்டையன் ஆக்டிங். அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவரை ஜில்லா போர்டு அனுப்பும். களத்தில் கதிர் மிதிக்க மாடுகளை வரிசையாகக் கட்டிப் பிணையல் ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்மாட்டை அவிழ்த்தால் அடுத்த மாடு உள்ளே நகரும், அதற்கடுத்தது அதன் இடத்துக்கு வரும். அவிழ்த்த மாடு திரும்பி வந்தால் எல்லாம் பழையபடி ஒவ்வோர் அடி வெளியே போக வேண்டும். மாட்டுக்கு அதில் வருத்தமில்லை. மனிதனுக்கு உண்டு. ஆகையால் செங்கோட்டையனைக் கவனமாக நடத்துங்கள். அவர் கெட்டவர் அல்ல. வெகுகாலம் ஒரே வகுப்பில் நின்று அலுத்தவர். அவர் நன்றாகச் செய்வதைப் பத்துப் பேர் முன்னால் சொல்லுங்கள், குறையைத் தனியாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. என் நாற்காலியில் உட்காருங்கள். நம் பள்ளியில் கை வைத்த நாற்காலி அது ஒன்றுதான். மச்சான் உட்கார்ந்த இடம் என்று நீங்கள் தயங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். தயங்க வேண்டாம்.

லீவு சர்ட்டிபிகேட்டில் டாக்டர் விடாத காய்ச்சல் என்று மட்டும் எழுதியிருக்கிறார். நெஞ்சில் கோளாறு என்பது உங்களோடு இருக்கட்டும். போர்டுக்குத் தெரிந்தால் என்னைப் பள்ளி வாசலை மிதிக்க விடமாட்டார்கள். சௌந்திரத்திடமும் சொல்ல வேண்டாம். தங்கச்சி தாங்கமாட்டாள்.

பொங்கல் கழிந்ததும் வந்துவிடுவேன். அந்த நினைப்பில்தான் ஆட்டுப்பால் இறங்குகிறது.

சென்னியப்பன்


மேட்டுக்காடு,
நாமகிரிப்பேட்டை தபால்,
9-7-1937

மச்சான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சௌந்திரத்துக்கு வாசித்துக் காட்டினேன். எந்தக் கடிதம் வந்தாலும் அவளுக்கு முழுதும் வாசித்துக் காட்டுவது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். நெஞ்சு விஷயம் இருந்த வரிகளை மட்டும் தாண்டிப் போனேன். அந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் மாறியதாகச் சொன்னாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

பள்ளி நடக்கிறது. முதல் வகுப்பில் புதுப் பிள்ளைகள் நிறைய. புதிதாக வந்த ஆசிரியர் ஆத்தூர்ப் பக்கம், நல்ல பிள்ளை. செங்கோட்டையன் தோட்ட வேலையை ஏற்றுக்கொண்டார். நீங்கள் சொன்னபடி எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை.

நாற்காலியில் நான் உட்காரவில்லை மச்சான். மன்னிக்க வேண்டும். முதல் நாள் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார முடியவில்லை. பக்கத்தில் பெஞ்சு போட்டுக்கொண்டேன். தினமும் காலையில் நாற்காலியைத் துடைத்து, நீங்கள் போடுவது போலவே வாசலைப் பார்க்கப் போட்டு வைக்கிறேன். பிள்ளைகள் உள்ளே வரும்போது வழக்கம் மாறாமல் அதற்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரிய பிள்ளைகளைப் பார்த்துச் சின்னதுகளும் போடுகின்றன. உங்களைப் பார்த்தே இராத பிள்ளைகள்கூடப் போடுகின்றன.

செங்கோட்டையன் நேற்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: “ஏனுங்க, ஆக்டிங் ஹெட்மாஸ்டர் நீங்களா, நாக்காலியா? நாக்காலி சம்பளம் கேக்கறதுக்குள்ள தெரிஞ்சுக்கலாமுன்னு கேட்டனுங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சௌந்திரம் உங்களுக்கு எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாள். வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறோம்.

தங்கள்,
சுப்பையன்


தோட்டத்துச் சாளை,
22-8-1937

மாப்பிள்ளைக்கு,

எள்ளுருண்டை வந்தது. கொண்டுவந்த குடியானவர் வாசலில் நின்றே கொடுத்துவிட்டுப் போனார். இங்கே எல்லோரும் அப்படித்தான். “எப்பிடிங்க இருக்குது” என்று கட்டுத்தறி அருகிலிருந்தே கேட்பார்கள். நான் கையை ஆட்டுவேன். அதோடு போய்விடுவார்கள். இந்தக் கடிதத்தைக்கூட ராசம்மாள் வெயிலில் காய வைத்துத்தான் தபாலுக்குக் கொடுப்பாள்.

நாற்காலி விஷயம் படித்தேன். கோபித்துக்கொண்டு நாலு வரி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. உண்மையைச் சொல்லுகிறேன், பிள்ளைகள் கும்பிடுகிறார்கள் என்ற வரியை ராசம்மாளை மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

ஆனாலும் கேளுங்கள். புதுக் கன்றை ஏரில் பூட்டினால் அது மேழி பிடிக்கிறவன் கையைத்தான் முதலில் சோதிக்கும். கை தயங்கினால் அன்றே தெரிந்துகொள்ளும். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எனக்கு மரியாதை, செங்கோட்டையனுக்கு அது இடம். தினமும் உட்கார முடியாவிட்டால் வேண்டாம். டிப்டி இன்ஸ்பெக்டர் பரீட்சைக்கு வரும் நாளிலாவது உட்காருங்கள். இதைத் தட்டக் கூடாது.

போன வாரம் இருமலில் இரண்டு முறை சிவப்பாக வந்தது. ராசம்மாள் மண்ணைப் போட்டு மூடினாள். தை மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. சரியாகிவிடும்.

சென்னியப்பன்


மேட்டுக்காடு,
4-10-1937

மச்சான் அவர்களுக்கு,

இங்கே மழை. மஞ்சள் காடெல்லாம் நன்றாக இருக்கிறது.

டிப்டி இன்ஸ்பெக்டர் வந்தார். முன்கூட்டித் தகவல் இல்லை. சந்தைக்கு அடுத்த நாள், பிள்ளைகள் வருகிற நேரத்திலேயே ஜட்கா வந்து நின்றது. எல்லா வகுப்பும் பார்த்தார். ஐந்தாம் வகுப்புக் கணக்கு நன்றாக இருக்கிறது என்றார். அது உங்கள் வகுப்பு.

வேறு விசேஷம் இல்லை. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதை நேரில் சொல்லுகிறேன். நேரில் வர லீவுக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் அனுமதி வரவில்லை.

சௌந்திரம் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

சுப்பையன்


தோட்டத்துச் சாளை,
28-11-1937

ஆக்டிங் தலைமையாசிரியர் சுப்பையன் அவர்களுக்கு,

சேலம் ஆஸ்பத்திரியில் மார்கழியில் டாக்டர்கள் முன் ஆஜராகி நெஞ்சைச் சோதித்துக்கொள்ளும்படி ஜில்லா போர்டிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. நெஞ்சை என்று எழுதியிருக்கிறார்கள். காய்ச்சல் என்று லீவு போட்டவனின் நெஞ்சு அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது செங்கோட்டையன் வந்தார். திருச்செங்கோட்டில் ஒரு கலியாணத்துக்கு வந்தாராம். வாழைத்தார் கொண்டுவந்தார்.

“சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதானுங்க சொல்லுல. இன்ஸ்பெக்டரு வந்தன்னிக்கு உங்க மாப்பிள்ளையைத்தான் கேட்டாரு. அவரு வாயத் தொறந்து இல்லீன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்குமுங்க. சொல்லுலீங்களே” என்றார்.

உங்கள் அக்டோபர் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். மழை பெய்ததாக எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

ஒருவரிடம்தான் சொன்னேன். தங்கை புருஷன் என்பதற்காக அல்ல. என்னோடு வேலை பார்த்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் என் இடத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் என்று நினைத்தேன். பார்க்காதது போல இருப்பவர் என்று இப்போது நினைக்கிறேன்.

இனி அந்த நாற்காலியைத் துடைத்து வைக்க வேண்டாம். தாராளமாக உட்காரலாம். பதில் வேண்டாம்.

சென்னியப்பன்


மேட்டுக்காடு,
2-12-1937

மச்சான் அவர்களுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன்.

டிப்டி இன்ஸ்பெக்டர் உள்ளே வந்ததும் நேரே உங்கள் நாற்காலிக்குப் போனார். எந்தப் பள்ளியிலும் அவர் உட்காருகிற இடம் அதுதானே. நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றேன். அவர் உட்காரப் போன நேரத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து கும்பிட்டார்கள். அவருக்குச் சந்தோஷம். “யாருக்கம்மா கும்பிடு, எனக்கா?” என்று குப்பாயியைக் கேட்டார். எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை, இந்த வருஷம்தான் சேர்ந்தது.

“இல்லீங்க. நாக்காலிக்குங்க. அது பெரிய வாத்தியாருதுங்க. நீங்க உக்காராதீங்க.”

அவர் உட்காரவில்லை. சிரித்துக்கொண்டே, “பெரிய வாத்தியார் இதோ நிற்கிறாரே” என்று என்னைக் காட்டினார்.

“இவரு சுப்பையன் வாத்தியாருங்க. பெரிய வாத்தியாரு அவிய தோட்டத்துல இருக்கறாருங்க. இருமுனா ரெத்தம் வருதுங்களாமா. செரியானதீம் வந்துருவாருங்க.”

அது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. உங்கள் ஆவணிக் கடிதத்தைச் சௌந்திரத்துக்கு வாசித்துக்கொண்டே வந்தவன் சிவப்பு என்ற வரியில் நின்றுவிட்டேன். தாண்டிப் போக முடியவில்லை. மறைத்துவிடலாம் என்று பார்ப்பதற்குள் அவள் புரிந்துகொண்டாள். வாசலில் உட்கார்ந்து, இருமினால் ரத்தம் வருகிறதாமே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு, “மெய்தானா?” என்று என்னைக் கேட்டார். செங்கோட்டையன் கதவருகில் நின்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. குப்பாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. சும்மா நின்றேன். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். செங்கோட்டையன் சொன்னதில் பொய் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. எல்லாப் பள்ளியையும் போல ஒரு பள்ளி, எல்லாத் தலைமையாசிரியரையும் போல ஒருவர் என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார். நீங்கள் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சௌந்திரம் நம் இரண்டு பேரிடமும் பேசுவதில்லை. உங்களோடு பேச வழியில்லை, என்னோடு பேச மனமில்லை.

சுப்பையன்


மேட்டுக்காடு,
20-1-1938

மச்சான் அவர்களுக்கு,

பொங்கல் வந்து போயிற்று. சேலத்துக்குப் போய் வந்தீர்கள் என்று பஸ் கண்டக்டர் சொன்னார். என்ன சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

மாட்டுப் பொங்கலன்று சௌந்திரம் உங்கள் பங்கு என்று ஒரு இலை போட்டாள். வெகுநேரம் அது அப்படியே இருந்தது. பிறகு அவளே எடுத்து மாட்டுக்கு வைத்தாள்.

ஒரு வரி எழுதினால் போதும். திட்டி எழுதினாலும் சரி.

சுப்பையன்


தோட்டத்துச் சாளை,
25-2-1938

மாப்பிள்ளைக்கு,

படுத்தபடியே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கோணல் எழுத்துக்குக் குறைத்துப் போட்ட மதிப்பெண்களெல்லாம் நினைவுக்கு வருகின்றன.

சேலத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகில் தட்டிப் பார்த்தார்கள். இனி எந்தப் பள்ளியிலும் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டார்கள். அதை உங்களிடம் சொல்ல இத்தனை நாள் ஆயிற்று. உத்தரவைவிட இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருந்ததுதான் காரணம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது யாரோ ஒரு பெண்ணின் குழந்தை என் முழங்காலில் சாய்ந்துகொண்டு நின்றது. எல்லாக் குழந்தைகளும் வாத்தியாரை எப்படியோ தெரிந்துகொள்கின்றன. எனக்கு இருமல் வந்தது. முகத்தைத் திருப்புவதற்குள் வந்துவிட்டது. தாய் ஓடிவந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். திட்டவில்லை. முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

தை மாதம் நான் பள்ளிக்கு வந்திருந்தால் குப்பாயி முதல் வரிசையில்தானே உட்கார்ந்திருப்பாள்?

இதைத்தான் இத்தனை மாதமும் மறைத்து வைக்கச் சொன்னேன். உங்களிடமே சொன்னேன். ஒரு கண்ணாடியில் ரசப் பூச்சு போய்விட்டால் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்போம், கண்ணாடி இன்னும் நன்றாக இருப்பதாக வீட்டுக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். நான் அப்படித் திருப்பி வைத்திருந்தேன். அந்தப் பிள்ளை நேராகத் திருப்பிவிட்டாள். அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சௌந்திரமும்தான்.

செங்கோட்டையன் வந்த நாளைப் பற்றியும் யோசித்தேன். வாழைத்தாரை வாசற்படியில் இறக்கிவிட்டுத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அத்தனையும் நின்றபடியே சொன்னார். நின்றபடி பேசியவர் சொல்லை நம்பினேன். என் இடத்தில் உட்கார மாட்டேன் என்றவரைச் சந்தேகப்பட்டேன். அவர் பொய் சொல்லவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சரிதான். முழுக் கணக்கில் ஒரு வரியை மட்டும் அழித்துக் காட்டினார், அவ்வளவுதான்.

இனி ஒன்று கேட்கிறேன். ராசம்மாளிடம் சொல்லிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். கூலிக்காரர் ஒருவர் தம் மருமகன் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய நாற்காலி, ஒரு கை ஆடும். போட்ட நாளிலிருந்து காலியாகத்தான் இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்க்கிறார்கள், பிறகு மலையைப் பார்க்கிறார்கள், பிறகு போய்விடுகிறார்கள். தினமும் காலையில் ராசம்மாள் அதைத் துடைத்து வைக்கும்போது உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

சென்னியப்பன்


மேட்டுக்காடு,
3-3-1938

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சௌந்திரத்துக்கு வாசித்தேன். ஒரு வரியையும் தாண்டவில்லை. எங்கும் நிற்கவுமில்லை. முடித்ததும், “போலாமுங்க” என்றாள். கார்த்திகைக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. செங்கோட்டையன் தலைமையாசிரியர். நான் பழைய இடத்தில் உதவி ஆசிரியர். இன்ஸ்பெக்டர் தன் குறிப்பில், பொறுப்பிலுள்ளவர் தலைமை இடத்தில் அமரத் தயங்குகிறார் என்று எழுதியிருக்கிறாராம். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆகையால் கொஞ்சம் இருக்கிறது என்று எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் துடைத்துத்தான் வைத்திருந்தேன், கை பழக்கம். பிள்ளைகள் வந்து வழக்கம் போலக் கும்பிட்டுப் போனார்கள். குப்பாயியும் கும்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க சுப்பையா, இது எனக்குங்களா, அவருக்குங்களா?”

“தெரியலீங்க” என்றேன். மெய்யாகவே எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு சாயங்காலம் வரை அவர் யாரையும் கேலி பேசவில்லை. என் லீவுக் கடிதத்தில் எதற்கென்று கேட்காமலே கையெழுத்துப் போட்டார். “போய்ப் பாத்துட்டு வாங்க” என்றார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் சௌந்திரத்தோடு வருகிறேன். அக்காவிடம் சொல்லி உலை வைக்க வேண்டாம், சோறு கட்டிக்கொண்டு வருகிறோம். டாக்டர் சொன்னபடி நீங்கள் பேச வேண்டாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்து விஷயமெல்லாம் சொல்லுகிறேன். நாற்காலியின் கை ஆடினால் பரவாயில்லை.

நாங்கள் வந்து சேரும் வரைக்கும் அந்த நாற்காலியை யாரும் உள்ளே எடுத்து வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் மச்சான்.

சுப்பையன்